ஃபோர்டு டாரஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாரஸ் என்றால் பல சக்கர லாரிதானே?

தமிழ்நாட்டில் அப்படித்தான். அசோக் லேலண்ட் தன் கனரக லாரி வரிசை ஒன்றுக்கு வைத்த பெயர் அது. அப்புறம் யார் தயாரித்த பெரிய லாரியாக இருந்தாலும், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றி வந்தால் அது டாரஸ் லாரி என்றாகிவிட்டது. இங்கே பேசப்போவது அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காரைப் பற்றி. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1985 கடைசியில் விற்பனைக்குக் கொண்டுவந்து, 2006-ல் ஒருமுறையும் 2019-ல் இன்னொரு முறையும் நிறுத்திய குடும்ப செடான் அது.

நின்றுபோன ஒரு காரைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது?

80 லட்சத்துக்கும் மேல் விற்ற கார் இது. பிக்கப் வண்டிகளைச் சேர்க்காமல் பார்த்தால், 1992 முதல் 1996 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற கார். ஆனால் எனக்கு எண்ணிக்கையைவிட அது ஏறிய விதமும் இறங்கிய விதமும்தான் சுவாரசியம். ஃபோர்டு இந்தக் காரில் இரண்டு முறை துணிச்சல் காட்டியது. முதல் முறை வேறு வழி இல்லாததால், அது பலித்தது. இரண்டாவது முறை, முதலிடத்தில் இருக்கிறோம் என்ற மிதப்பில், அது கவிழ்த்துவிட்டது.

1980 வாக்கில் ஃபோர்டுக்கு அப்படி என்ன நெருக்கடி?

1979-ல் ஈரான் புரட்சிக்குப் பின் பெட்ரோல் விலை எகிறியது. அமெரிக்கர்கள் டொயோட்டா, ஹோண்டா, டாட்சன் ஷோரூம்களுக்குப் போக ஆரம்பித்தார்கள். விலைக்காக மட்டும் போகவில்லை. ஜப்பான் கார்களின் கதவு சரியாகப் பொருந்தியது, வண்டி வழியில் நிற்கவில்லை. ஃபோர்டின் பெயரோ அப்போது தரத்துக்குப் பேர்போனதாக இல்லை. 1980 முதல் 1982 வரை மூன்றே ஆண்டுகளில் நிறுவனம் இழந்தது 330 கோடி டாலர்.

டாரஸ் வருவதற்கு முன் நடுத்தர அளவில் ஃபோர்டு விற்றது எல்.டி.டி. என்ற பின்சக்கர இயக்கக் கார். ஸ்கேல் வைத்து வரைந்த பெட்டி மாதிரி இருக்கும். இந்த நிலையில்தான், அப்போது தலைவராக இருந்த பிலிப் கால்டுவெல் புத்தம் புதிய முன்சக்கர இயக்கக் கார் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தார். செலவு ஏறக்குறைய 300 கோடி டாலர். மூன்று ஆண்டு நஷ்டத்துக்குச் சமமான தொகையை ஒரே காரில் போடுவது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஓடவில்லை என்றால் நிறுவனத்தின் கதி என்ன என்று உள்ளேயே பலர் பயந்தார்கள்.

தொடக்கத்தில் திட்டமிட்டது இதைவிடச் சின்னக் கார். 1981-ல் பெட்ரோல் விலை மேலே போகாது என்று தெரிந்ததும் அளவைக் கூட்டினார்கள். எனக்கு இது முக்கியமான திருப்பமாகப் படுகிறது. முதலில் நினைத்த அளவிலேயே வந்திருந்தால், அமெரிக்கக் குடும்பம் ஐந்தாறு பேராக ஏறி உட்காரும் வண்டியாக அது ஆகியிருக்காது.

டீம் டாரஸ் என்று சொல்கிறார்களே, அது என்ன?

அதற்கு முன்பு அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டில் கார் உருவான முறை இது: வடிவமைப்பாளர்கள் வரைவார்கள், அதைப் பொறியாளர்களிடம் கொடுப்பார்கள், அவர்கள் தங்களுக்கு வசதியாக மாற்றி ஆலைக்கு அனுப்புவார்கள், ஆலையில் இதைப் பூட்டவே முடியாது என்று கத்துவார்கள், கடைசியில் விற்பனைப் பிரிவு தலையில் அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு துறையும் அடுத்த துறையைக் குறை சொல்லும்.

இதை மாற்றியவர் லூ வெரால்டி. அதற்கு முன் ஐரோப்பாவில் ஃபோர்டு ஃபியஸ்டாவை உருவாக்கிய அனுபவம் உள்ளவர். வடிவமைப்பு, பொறியியல், உற்பத்தி, கொள்முதல், விற்பனை, சர்வீஸ் என்று எல்லாப் பிரிவுகளையும் முதல் நாளிலிருந்தே ஒன்றாக உட்கார வைத்தார். அந்தக் குழுதான் டீம் டாரஸ். உதிரிபாகம் தருகிறவர்களை முன்கூட்டியே அழைத்து ஆலோசனை கேட்டார். விபத்தில் அடிபட்டால் பழுது பார்க்கும் செலவு குறைய எப்படிச் செய்ய வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களிடம் கேட்டார்கள். அட்லாண்டா ஆலைத் தொழிலாளர்களிடம் கார் வருவதற்கு வெகு முன்பே மாதிரியைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். போல்ட் தலைகள் பல அளவில் இருந்தால் ஸ்பேனரை மாற்றி மாற்றி நேரம் போகிறது, ஒரே அளவாக வையுங்கள் என்பது போன்ற யோசனைகள் அங்கிருந்து வந்தவை.

அப்புறம் அந்த 400 அம்சப் பட்டியல். உலகின் சிறந்த கார்கள் என்று சுமார் 50 கார்களை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார்கள். எந்தக் காரில் சீட் சரிசெய்வது எளிது, எதில் பெட்ரோல் மூடி நன்றாக இருக்கிறது, எதில் ஸ்டெப்னி மாற்றுவது சுலபம் என்று 400 அம்சங்களை எழுதி, ஒவ்வொன்றிலும் சிறந்ததற்குச் சமமாகவாவது வர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். ஜப்பானியர்களுக்குத் தரக் கட்டுப்பாடு கற்றுத்தந்த டெமிங் என்ற அமெரிக்கர் அப்போது ஃபோர்டுக்கு ஆலோசகர். சொந்த நாடு முப்பது ஆண்டு கண்டுகொள்ளாத மனிதரை, ஜப்பானிடம் அடிவாங்கிய பிறகு கூப்பிட்டார்கள்.

பெயர் எப்படி வந்தது?

வெரால்டியின் மனைவியும், திட்டமிடல் மேலாளராக இருந்த ஜான் ரிஸ்க்கின் மனைவியும் ரிஷப ராசி, ஆங்கிலத்தில் டாரஸ். அதனால் உள்வட்டாரச் சங்கேதப் பெயராக வைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

அந்தத் தோற்றத்தில் அப்படி என்ன புதுமை? இன்றைக்குப் பார்த்தால் சாதாரணமாக இருக்கிறதே?

இன்றைக்குச் சாதாரணமாகத் தெரிவதற்குக் காரணமே அது ஜெயித்ததுதான். 1985-ல் அமெரிக்கச் சாலையில் ஓடிய கார்கள் பெரும்பாலும் செங்குத்தான கண்ணாடி, குரோம் கிரில், கூர்மையான விளிம்பு கொண்டவை. அவற்றுக்கு நடுவே இது கூழாங்கல் மாதிரி வழவழப்பாக வந்து நின்றது. கேலி செய்தவர்கள் ஜெல்லி மிட்டாய் என்றார்கள்.

வடிவமைப்புக்குத் தலைமை ஜாக் டெல்நாக். ஐரோப்பிய ஃபோர்டில் வேலை பார்த்தவர். அங்கே 1982-ல் வந்த ஃபோர்டு சியரா, ஜெர்மனியின் ஆடி 5000 இரண்டின் சாயலையும் டாரஸில் பார்க்கலாம். காற்றை எதிர்க்காமல் வழுக்கிக்கொண்டு போகும் உடல் என்றால் பெட்ரோலும் மிச்சம், உள்ளே சத்தமும் குறைவு.

இதில் யாரும் அதிகம் கவனிக்காத ஒரு விஷயம் ஹெட்லைட். 1940 முதல் அமெரிக்காவில் எல்லாக் கார்களுக்கும் ஒரே அளவில் சீல் செய்த வட்ட விளக்கு, பின்னாளில் சதுர விளக்கும், மட்டுமே அனுமதி. அந்த விளக்கை வைத்துக்கொண்டு முகப்பைச் சாய்வாக இழைக்க முடியாது. விதியை மாற்றச் சொல்லி அரசிடம் மனுப்போட்டு வாங்கியது ஃபோர்டுதான். அந்த அனுமதியில் முதலில் வந்தது 1984-ன் லிங்கன் மார்க் 7. டாரஸின் முகம் அப்புறம் சாத்தியமானது. கிரிலையே எடுத்துவிட்டு, ஃபோர்டு முத்திரையை மட்டும் ஒரு சின்னத் துளையில் மிதக்கவிட்டார்கள். ரேடியேட்டருக்குக் காற்று பம்பருக்குக் கீழிருந்து போனது.

ஃபோர்டின் மெர்குரி பிராண்டில் வந்த இரட்டைப் பிறவியான சேபிள் இன்னும் ஒரு படி மேலே. முகப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே விளக்குப் பட்டை எரியும். 1987-ல் வந்த ஓர் எதிர்காலப் புனைவுப் படத்தில், வரப்போகும் டெட்ராய்ட்டின் போலீஸ் வண்டியாக டாரஸுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்துத்தான் ஓட்டினார்கள்.

உள்ளே எப்படி?

எனக்குப் பிடித்தது இந்தப் பகுதி. கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், தடவிப் பார்த்தே எந்த ஸ்விட்ச் என்று தெரியும்படி ஸ்விட்ச்களின் உருவத்தை மாற்றி வைத்தார்கள். பானெட்டைத் திறந்தால், வண்டிக்காரர் தானே பார்க்க வேண்டிய ஆயில் குச்சி, தண்ணீர் மூடி எல்லாம் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மற்றதைத் தொடாதே என்று அர்த்தம். டிக்கியில் மளிகைப் பை உருளாமல் இருக்க வலை. இவையெல்லாம் அந்த 400 அம்சப் பட்டியலின் பலன்.

செடானோடு ஸ்டேஷன் வேகனும் வந்தது. பின்பக்கம் பார்த்து உட்காரும் கூடுதல் சீட்டோடு எட்டுப் பேர் போகலாம். வேகனுக்கு மட்டும் பின் சஸ்பென்ஷனை வேறு விதமாகச் செய்தார்கள், சாமான் வைக்கும் தளம் சமமாக வர வேண்டும் என்பதற்காக. மாதத்துக்கு ஒருமுறை மாமியார் வீட்டுக்கு மூட்டை முடிச்சோடு போகிற குடும்பத்தை நினைத்துச் செய்த வண்டி.

இன்ஜின் பெரும்பாலும் வல்கன் எனப்பட்ட 3.0 லிட்டர் வி6, 140 குதிரைத்திறன். வேகம் சுமார்தான், ஆனால் மெக்கானிக்குகள் இன்றும் வல்கனை மரியாதையோடுதான் பேசுவார்கள். 2.5 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜினும் இருந்தது. அதைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது.

மக்கள் உடனே ஏற்றுக்கொண்டார்களா?

1985 டிசம்பர் 26 அன்று விற்பனை தொடங்கியது. மோட்டார் டிரெண்ட் இதழ் 1986-க்கான சிறந்த கார் விருதைக் கொடுத்தது. அந்த ஆண்டே ஃபோர்டின் லாபம் ஜெனரல் மோட்டார்ஸின் லாபத்தைத் தாண்டியது. 1924-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. எல்லாப் பெருமையும் டாரஸுக்கே என்று சொல்ல முடியாது, பெட்ரோல் விலை இறக்கமும் உதவியது. ஆனாலும் ஃபோர்டைக் காப்பாற்றிய கார் என்ற பட்டம் அன்றே ஒட்டிக்கொண்டது.

எஸ்.எச்.ஓ. டாரஸ் என்பது வேறு காரா?

அதே கார், வேறு நெஞ்சு. எஸ்.எச்.ஓ. என்றால் சூப்பர் ஹை அவுட்புட், அதாவது அதிக சக்தி. பைக்கும் பியானோவும் செய்கிற ஜப்பானின் யமஹாவோடு ஃபோர்டு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தது. 3.0 லிட்டரில் 24 வால்வு வி6 இன்ஜின் ஒன்றை யமஹா செய்து தர வேண்டும். ஃபோர்டு யோசித்துக்கொண்டிருந்த நடு-இன்ஜின் ஸ்போர்ட்ஸ் காருக்கானது அது என்று சொல்வார்கள். அந்தக் கார் கைவிடப்பட்டது. ஒப்பந்தப்படி வரவேண்டிய இன்ஜின்களை என்ன செய்வது? குடும்ப செடானுக்குள் போட்டார்கள்.

1989 மாடலாக வந்தது. 220 குதிரைத்திறன், ஐந்து கியர் மேனுவல் மட்டும். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று கேட்டால் கிடையாது. மணிக்கு 230 கிலோமீட்டர் வரை போகும். வெளியே பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரரின் டாரஸ்தான். சிக்னலில் அருகில் நிற்கிற பிஎம்டபிள்யூகாரருக்குப் பச்சை விழுந்த பிறகுதான் விஷயம் புரியும். பானெட்டைத் திறந்தால் அந்த இன்டேக் குழாய்கள் சிற்பம் மாதிரி வளைந்து நிற்கும். இன்ஜினைப் பார்ப்பதற்காகவே பானெட்டைத் திறந்து வைக்கிற கார்கள் அபூர்வம்.

1993-ல் ஆட்டோமேட்டிக்கும் வந்தது, அதற்கு 3.2 லிட்டர். 1996-ல் வி8 ஆக்கினார்கள், 3.4 லிட்டர், 235 குதிரைத்திறன், மேனுவல் கியர் இல்லை. அந்த வி8-ன் பிரச்சினை பிரசித்தம். கேம்ஷாஃப்ட் பல்சக்கரம் தண்டில் வழுக்கிவிடும், அப்புறம் வால்வுகள் பிஸ்டனில் இடித்து இன்ஜினே காலி. 1999-க்குப் பிறகு எஸ்.எச்.ஓ.வை நிறுத்தினார்கள், மறுபடி வந்தது 2010-ல்.

1992-ல் ஹோண்டா அக்கார்டை முந்தியது எப்படி?

1989 முதல் 1991 வரை அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது அக்கார்டு. அமெரிக்க நிறுவனங்களுக்கு இது மானப் பிரச்சினை. 1992-ல் ஃபோர்டு டாரஸின் உடலைப் புதுப்பித்தது. கதவைத் தவிர ஏறக்குறைய எல்லாத் தகடும் புதிது, ஆனால் பார்வைக்குப் பெரிய மாற்றம் இல்லை. அந்த ஆண்டு கடைசி வாரங்களில் தள்ளுபடி, மலிவுக் குத்தகை, டீலர்களுக்கு ஊக்கத்தொகை என்று ஃபோர்டு கையிலிருந்த எல்லாவற்றையும் இறக்கியது. முடிவில் டாரஸ் ஏறக்குறைய 4 லட்சத்து 10 ஆயிரம். அக்கார்டு 4 லட்சத்துக்குச் சற்றுக் கீழே.

இந்த வெற்றியில்தான் சிக்கல் தொடங்கியது என்பது என் கணிப்பு. முதலிடத்தைப் பிடித்ததும் அதைக் காப்பதே வேலையாகிவிட்டது. வாடகைக் கார் நிறுவனங்களுக்கு மொத்தமாகக் குறைந்த விலையில் தள்ளினால் எண்ணிக்கை ஏறும். ஆனால் அந்தக் கார்கள் ஓராண்டிலேயே செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்து குவியும். அப்போது காசு கொடுத்துப் புதிதாக வாங்கியவரின் காருக்கு ரீசேல் விலை விழும். விமான நிலையத்தில் சாவி வாங்கினால் கையில் வருகிற கார் என்று ஒரு பெயர் ஒட்டிவிட்டால், அதைக் கடன் வாங்கி வீட்டுக்கு ஓட்டிவர யாருக்கு ஆசை வரும்? டொயோட்டாவும் ஹோண்டாவும் வாடகை நிறுவனங்களுக்கு விற்பதில் கை இறுக்கமாக இருந்தன. ஐந்து வயது டொயோட்டா கேம்ரிக்குக் கிடைத்த விலை ஐந்து வயது டாரஸுக்குக் கிடைக்கவில்லை.

1996 மாடல் ஏன் தோற்றது? நீள்வட்டம்தான் காரணமா?

முதல் டாரஸ் வடிவத்தில் அதிர்ச்சி கொடுத்து ஜெயித்தது. அதனால் மறுபடியும் அதிர்ச்சி கொடுத்தால் மறுபடியும் ஜெயிக்கலாம் என்று நினைத்தார்கள். ஃபோர்டு முத்திரையே நீள்வட்டம்தானே என்று, கார் முழுக்க நீள்வட்டமாக்கினார்கள். ஹெட்லைட் நீள்வட்டம். முகப்புத் துளை நீள்வட்டம். பின்கண்ணாடிகூட நீள்வட்டம். உள்ளே ரேடியோவையும் ஏ.சி.யையும் சேர்த்து டாஷ்போர்டு நடுவில் ஒரு பெரிய நீள்வட்டப் பலகையில் பொருத்தினார்கள். வெளியே போய் நல்ல ரேடியோ வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களுக்கு அதில் இடமே இல்லை.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். காராகப் பார்த்தால் அது முந்தியதைவிட மேல். உடல் இறுக்கமாக இருந்தது, வளைவில் நன்றாக நின்றது, 200 குதிரைத்திறன் கொண்ட புதிய டியூராடெக் இன்ஜினும் கிடைத்தது. செய்தவர்கள் 1992-ன் கேம்ரியைக் கழற்றிப் பார்த்து, அந்தத் தரத்துக்கு வர வேண்டும் என்று உழைத்தவர்கள். ஆனால் அந்தத் தரத்துக்குச் செலவு உண்டு, விலை ஏறியது. அதே நேரம் டொயோட்டா எதிர்த்திசையில் போய், 1997 கேம்ரியில் செலவைக் குறைத்து விலையையும் குறைத்தது. ஃபோர்டு அவசரமாக வசதிகளைக் குறைத்து ஒரு மலிவு வகையை இறக்க வேண்டியதாயிற்று.

சரி, வடிவம்தான் காரணமா என்றால், பாதிக் காரணம். சரிந்த கூரையால் பின்சீட்டில் உயரமானவர்களுக்குத் தலை இடித்தது, டிக்கியின் வாயும் சுருங்கியது. குடும்பக் காரில் இந்த இரண்டையும் மன்னிக்க மாட்டார்கள். 1985-ன் அதிர்ச்சி வடிவத்துக்குப் பின்னால் பெட்ரோல் சிக்கனமும் இட வசதியும் இருந்தன. 1996-ன் வடிவத்துக்குப் பின்னால் வடிவம் மட்டும்தான் இருந்தது.

அந்த 1996-லும் டாரஸ்தான் முதலிடம், 4 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் அதில் பாதிக்கும் மேல் போனது வாடகை, நிறுவனப் பயன்பாடு போன்ற மொத்த விற்பனைக்கு. அடுத்த ஆண்டு கேம்ரி மேலே ஏறியது. டாரஸ் அந்த இடத்துக்குத் திரும்பவே இல்லை.

டாரஸ் என்றால் கியர்பாக்ஸ் போய்விடும் என்கிறார்களே?

அதில் உண்மை உண்டு. 80-களிலும் 90-களிலும் வந்த டாரஸ்களின் நாலு கியர் ஆட்டோமேட்டிக்குகள் பலரை அழவைத்திருக்கின்றன. 1988 முதல் 1995 வரை கிடைத்த 3.8 லிட்டர் வி6-ல் ஹெட் கேஸ்கெட் போவது இன்னொரு வியாதி. தண்ணீரும் ஆயிலும் கலந்து, கவனிக்காமல் விட்டால் இன்ஜினையே மாற்ற வேண்டி வரும். வல்கன் இன்ஜின் டாரஸ்களில் அந்தத் தொல்லை இல்லை. அவற்றில் பல, சுற்றிலும் உடல் துருப்பிடித்து உதிர்ந்த பிறகும் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

2000-க்குப் பிறகு என்ன ஆனது?

2000 மாடலில் நீள்வட்டங்களை அழித்து, கூரையை உயர்த்தி, டிக்கியைப் பெரிதாக்கினார்கள். உயரத்துக்கேற்பப் பெடலை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி கொடுத்தார்கள். நல்ல, அடக்கமான கார். அவ்வளவுதான். ஃபோர்டின் பணமும் கவனமும் அப்போது எக்ஸ்ப்ளோரர் எஸ்.யு.வி.யிலும் எஃப்-150 பிக்கப்பிலும் இருந்தன, லாபம் அங்கேதான் கொட்டியது. அக்கார்டும் கேம்ரியும் சில ஆண்டுகளுக்கொருமுறை முழுவதுமாக மாறிக்கொண்டிருக்க, டாரஸ் அதே உடையில் ஏழு ஆண்டு நின்றது. வேகன் நின்றது, சேபிள் நின்றது. கடைசிக் காலத்தில் தனிநபர்களுக்கு விற்பதையே விட்டுவிட்டு வாடகை நிறுவனங்களுக்கு மட்டும் தயாரித்தார்கள்.

2006 அக்டோபர் 27 அன்று ஜார்ஜியா மாநிலம் ஹேப்வில்லில் உள்ள அட்லாண்டா ஆலையில் கடைசி டாரஸ் இறங்கியது. ஆலையும் அத்தோடு மூடப்பட்டது. அந்தக் கடைசிக் காரை வாங்கியவர் சிக்-ஃபில்-ஏ உணவகங்களை நிறுவிய ட்ரூயட் கேத்தி. அவருடைய முதல் உணவகம் அந்த ஆலைக்கு எதிரே இருந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்த ஃபோர்டு தொழிலாளர்களால் வளர்ந்த கடை அது.

செத்த பெயர் எப்படித் திரும்பி வந்தது?

ஆலை மூடப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் போயிங்கிலிருந்து ஆலன் முலாலி ஃபோர்டின் தலைமைக்கு வந்திருந்தார். போயிங் 777 விமானத்தை உருவாக்கும்போது, துறைகளை ஒன்றாக உட்காரவைத்த டீம் டாரஸ் முறையைத்தான் அவர் பாடமாக எடுத்துப் படித்திருந்தார். அப்படிப்பட்டவரிடம் போய், டாரஸை நிறுத்திவிட்டோம், இனி எல்லாக் காருக்கும் எஃப் எழுத்தில் பெயர் என்றால் என்ன சொல்வார்? ஃபோகஸ், ஃபியூஷன், ஃபைவ் ஹண்ட்ரட், ஃப்ரீஸ்டைல், ஃப்ரீஸ்டார் என்று வைத்துக்கொண்டே போயிருந்தார்கள். எனக்கே இதில் எது வேன், எது கார் என்று குழப்பம் வரும்.

2007 பிப்ரவரியில் சிகாகோ வாகனக் கண்காட்சியில் அறிவித்தார்கள்: சரியாக விற்காத ஃபைவ் ஹண்ட்ரட் காருக்கு 2008 மாடலில் டாரஸ் என்று பெயர். 263 குதிரைத்திறன் கொண்ட 3.5 லிட்டர் இன்ஜினும் சேர்த்தார்கள். அது வால்வோவின் அடித்தளத்தில் செய்த உயரமான, விசாலமான, கொஞ்சம்கூடக் கவர்ச்சி இல்லாத கார். பெயர் மாறியதால் மட்டும் யாரும் ஓடிவந்து வாங்கிவிடவில்லை.

2010 டாரஸ் நன்றாக இருந்ததே?

பார்க்க நன்றாகவே இருந்தது. எஸ்.எச்.ஓ.வும் திரும்பியது: இரட்டை டர்போ எக்கோபூஸ்ட் வி6, 365 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம். ஆனால் இது இப்போது நடுத்தரக் கார் அல்ல, பெரிய கார். நடுத்தர இடத்தில் ஃபோர்டின் ஃபியூஷனே உட்கார்ந்திருந்தது. 5.15 மீட்டர் நீளம் இருந்தும், தடித்த தூண்களாலும் அகலமான நடுப்பகுதியாலும் உள்ளே உட்கார்ந்தால் நெருக்கமாகத்தான் இருக்கும்.

2013 மாடலிலிருந்து போலீஸ் வகை வந்தது. போலீஸ் ஓட்டிய ஃபோர்டின் பழைய கிரவுன் விக்டோரியா கார் நின்றுவிட்டதால் அதற்கு மாற்று. அங்கேயும் போலீஸ்காரர்கள் எக்ஸ்ப்ளோரர் வகையையே அதிகம் கேட்டார்கள். இடுப்பில் இத்தனை கருவிகளை மாட்டிக்கொண்டு தாழ்வான செடானில் ஏறி இறங்குவது அவர்களுக்குத் தொல்லை.

பந்தயத்தில் ஓடியதா?

1998 முதல் 2005 வரை நாஸ்கார் பந்தயத்தில் ஃபோர்டின் வண்டி டாரஸ்தான், தண்டர்பேர்டுக்குப் பதிலாக. டேல் ஜாரட் 1999-லும், மேட் கென்செத் 2003-லும், கர்ட் புஷ் 2004-லும் சாம்பியன் ஆனார்கள். பெயரையும் முகச் சாயலையும் தவிர அந்த வண்டிக்கும் கடையில் விற்ற காருக்கும் பொதுவாக ஒன்றும் இல்லை.

கடைசியாக நிறுத்தியது ஏன்?

2018 ஏப்ரலில் ஃபோர்டு அறிவித்தது: வட அமெரிக்காவில் ஃபியஸ்டா, ஃபோகஸ், ஃபியூஷன், டாரஸ் எதற்கும் அடுத்த தலைமுறை கிடையாது. மக்கள் எஸ்.யு.வி. பக்கம் போய்விட்டார்கள், ஒரு எஸ்.யு.வி.யில் கிடைக்கிற லாபம் செடானில் வரவில்லை. அந்த ஆண்டு டாரஸ் விற்றது சுமார் 40 ஆயிரம், 1992-ல் விற்றதில் பத்தில் ஒரு பங்கு. 2019 மார்ச் 1 அன்று சிகாகோ ஆலையில் கடைசிக் கார் இறங்கியது. அதே ஆலையைப் புது எக்ஸ்ப்ளோரருக்காக மாற்றினார்கள்.

எஸ்.யு.வி. அலைதான் கொன்றது என்று ஃபோர்டு சொல்வதில் பாதியைத்தான் நான் ஏற்பேன். கேம்ரியும் அக்கார்டும் இன்றும் விற்கின்றன. செடான் சந்தை சுருங்கியது உண்மை. அந்தச் சுருங்கிய சந்தையில் இடம் பிடிக்கத் தேவையான நல்ல பெயரை, டாரஸ் 90-களின் வாடகைக் கார் நிறுத்தங்களிலேயே தொலைத்துவிட்டது.

இந்தியாவில் விற்றதா?

இல்லை. சென்னை அருகே மறைமலை நகர் ஆலையிலிருந்து ஐகான், ஃபியஸ்டா, ஃபிகோ, எக்கோஸ்போர்ட் எல்லாம் வந்தன. சில ஆண்டுகள் மொண்டியோவும் இங்கே விற்றது. டாரஸ் வரவில்லை. வலப்பக்க ஸ்டியரிங் வைத்த டாரஸை ஃபோர்டு செய்யாமலும் இல்லை. 1996-ன் நீள்வட்ட மாடல் அப்படி ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் ஜப்பானுக்கும் போய், அங்கேயும் விலைபோகவில்லை.

துபாயிலும் ரியாத்திலும் புது டாரஸ் ஓடுகிறதே, அது எப்படி?

வளைகுடாவில் இருப்பவர்கள் கேட்கிற நியாயமான கேள்வி. அது சீனாவில் சங்கான் ஃபோர்டு கூட்டு நிறுவனம் செய்கிற கார். அமெரிக்காவில் நின்ற பிறகு 2020-லிருந்து வளைகுடாவில் டாரஸ் என்று விற்கிறார்கள். அடுத்து வந்த மாடல், சீனாவில் மொண்டியோ என்று விற்பதுதான். சிகாகோவில் செய்த டாரஸுக்கும் இதற்கும் பெயர் மட்டுமே உறவு, உதிரிபாகம் மாற்றிப் போட முடியாது. எஸ்.யு.வி.யை விரும்பாமல் பெரிய செடான் கேட்கிறவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள், அதனால் பெயர் உயிரோடு இருக்கிறது.

அமெரிக்காவில் இருக்கிறேன். பழைய டாரஸ் ஒன்று வாங்க ஆசை. எதைப் பார்க்கலாம்?

ஓட்டி மகிழ வேண்டும் என்றால் 1989 முதல் 1995 வரையிலான மேனுவல் எஸ்.எச்.ஓ. யமஹா இன்ஜின் திடமானது, ஆனால் 60 ஆயிரம் மைலுக்கு ஒருமுறை வால்வு இடைவெளி பார்க்க வேண்டும்; அதைச் செய்ததற்கு ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள். வி8 எஸ்.எச்.ஓ. மலிவாகக் கிடைக்கும். கேம்ஷாஃப்ட் பல்சக்கரத்தை வெல்டு வைத்திருக்கிறார்களா என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். வைக்கவில்லை என்றால் ஸ்டார்ட் செய்து பார்க்கவே வேண்டாம். முதல் தலைமுறை வேகன் நல்ல நிலையில் கிடைத்தால், வல்கன் இன்ஜின்தானா என்று உறுதிசெய்துகொண்டு, தரையடித் துருவைப் படுத்துப் பாருங்கள். பின்பக்கம் பார்க்கும் அந்தச் சின்ன சீட்டும் சேர்ந்து இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.